நின்ற எண் எல்லாம் நேரான எடையா?

தட்டுத் தராசில் கைபழகிய நம் மூத்த வணிகர்களுக்கு ஒரு விஷயத்தைச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. ஒரு தட்டில் படிக்கல்லையும் மறு தட்டில் பருப்பையும் வைத்துத் தூக்கினால் முள் உடனே நிற்காது. இப்படியும் அப்படியும் ஆடும். அது நிற்கும்வரை காத்திருந்தால் வியாபாரம் நடக்காது. முள் இடப்பக்கம் எவ்வளவு சாய்கிறதோ அதே அளவு வலப்பக்கமும் சாய்ந்தால் எடை சரி என்று முடிவு செய்து பொட்டலம் கட்டிவிடுவோம். ஆடுகிற முள்ளின் நடுவைக் கண்ணாலேயே கண்டுபிடிக்கும் வித்தை அது.

இன்று நம் கடைகளில் பெரும்பாலும் எலக்ட்ரானிக் தராசுதான். முள் போய் எண் வந்துவிட்டது. முள் ஆடியபோது ஒன்றும் சொல்லாத வாடிக்கையாளர், எண் ஆடினால் முகத்தைச் சுளிக்கிறார். 995, 1000, 1005 என்று சிவப்பு எண்கள் துடித்தால் "தராசில் ஏதோ கோளாறு" என்கிறார். அதனால் எண் அசையாமல் நிற்கவேண்டும் என்பதே நம் எல்லோருடைய விருப்பமாகவும் ஆகிவிட்டது. அசையாமல் நிற்கிற எண் சரியான எண்தானா? இந்தக் கட்டுரையில் நாம் பார்க்கப்போவது அதைத்தான்.

ஒரு கடையில் நடந்தது

நம் மளிகைத் தோழர் ஒருவர் தம் கடையின் முன்பகுதியில் புதிதாக மின்விசிறி மாட்டினார். அது சரியாகத் தராசுக்கு மேலே அமைந்துவிட்டது. அன்றிலிருந்து தராசின் எண் நிற்கவில்லை. வழியில் போன பழுதுபார்ப்பவர் ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டினார். அவர் பொத்தான்களை அழுத்தி உள்ளே இருந்த ஏதோ ஒரு அமைப்பை மாற்றினார். எண் கல்லில் செதுக்கியது போல நின்றுவிட்டது. கூலி வாங்கிக்கொண்டு போய்விட்டார். தோழருக்கும் மகிழ்ச்சி.

இரண்டு வாரம் கழித்து, பல ஆண்டுகளாக அவர் கடையிலேயே வாங்கும் அம்மா ஒருவர் ஒரு கிலோ உளுத்தம்பருப்பைத் திரும்பக் கொண்டுவந்தார். வேறு இடத்தில் நிறுத்துப் பார்த்ததில் 10 கிராம் குறைகிறது என்றார். அவர் சண்டை போடவில்லை. "நீங்க இப்படிச் செய்ய மாட்டீங்கன்னு தெரியும், அதான் கேக்க வந்தேன்" என்று மட்டும் சொன்னார். அந்த ஒரு வார்த்தைதான் தம்மை வாட்டியது என்று தோழர் நம்மிடம் வருந்தினார்.

தராசு வேலையில் நல்ல அனுபவம் உள்ள ஒருவரை அழைத்துக்கொண்டு நாம் அந்தக் கடைக்குப் போனோம். அன்று அவர் விளக்கியதையும், அதன்பிறகு நாம் படித்துத் தெரிந்துகொண்டதையும் நம் வணிகர்கள் அனைவரும் அறிந்திருப்பது நல்லது.

தட்டுக்குக் கீழே என்ன இருக்கிறது?

தட்டைத் தூக்கிப் பார்த்தால் அதற்குக் கீழே ஓர் அலுமினியக் கட்டை இருக்கும். இதற்கு லோடு செல் என்று பெயர். பாரம் ஏறும்போது இந்தக் கட்டை கண்ணுக்குத் தெரியாத அளவில் வளைகிறது. கட்டையின் மேல் மெல்லிய கம்பிப் பட்டைகள் ஒட்டப்பட்டிருக்கின்றன. கட்டை வளையும்போது இவை நீள்கின்றன அல்லது சுருங்குகின்றன. அதற்கேற்ப இவற்றின் மின்தடை மாறுகிறது. ஸ்ட்ரெயின் கேஜ் எனப்படும் இந்தப் பட்டையை 1938ஆம் ஆண்டில் அமெரிக்காவில் எட்வர்ட் சிம்மன்ஸ், ஆர்தர் ரூஜ் ஆகிய இருவரும் ஒருவரை ஒருவர் அறியாமல் தனித்தனியே கண்டுபிடித்தனர். இன்று நம் கடையில் உப்பும் புளியும் நிறுப்பது அந்தக் கண்டுபிடிப்பின் பயனால்தான்.

பட்டையிலிருந்து கிடைக்கும் மின்னழுத்தம் மிகமிகச் சிறியது. 30 கிலோ தாங்கும் லோடு செல்லுக்கு 5 வோல்ட் கொடுத்தால், முழுப் பாரம் ஏற்றிய நிலையிலும் ஏறக்குறைய 10 மில்லிவோல்ட்தான் திரும்பி வரும். தராசு 5 கிராம், 5 கிராமாகக் காட்டுகிறது என்றால் 30 கிலோவில் 6,000 பிரிவுகள் இருக்கின்றன. 10 மில்லிவோல்ட்டை 6,000 பங்கு போட்டால் ஒரு பங்கு, ஒரு வோல்ட்டில் பத்து லட்சத்தில் ஒன்றே முக்காலுக்கும் குறைவு. அவ்வளவு சிறிய சைகையைத் தராசு கேட்கவேண்டும். பக்கத்தில் ஓடும் பிரிட்ஜ், தலைக்கு மேல் எரியும் டியூப்லைட், தெருவில் போகும் லாரியின் அதிர்வு, இவை எல்லாம் அதோடு கலந்துவிடும். சந்தை இரைச்சலில் ஒருவர் காதோடு விலை பேசுவது போலத்தான் இது.

எண்களைக் கூட்டும் கணக்குப்பிள்ளை

இந்தச் சைகையை எண்ணாக மாற்ற ஒரு சிப் இருக்கிறது. நொடிக்கு 10 முறையோ 80 முறையோ அது சைகையை அளந்து ஓர் எண்ணைக் கொடுக்கும். அந்த எண்களை வாங்கிக் கணக்குப் போட்டுத் திரையில் காட்டுவது மைக்ரோகன்ட்ரோலர் என்னும் இன்னொரு சிப். இவரை நாம் தராசுக்குள் உட்கார்ந்திருக்கும் கணக்குப்பிள்ளை என்று வைத்துக்கொள்வோம்.

ஒரு கிலோ சர்க்கரையைத் தட்டில் வைக்கிறோம். கணக்குப்பிள்ளைக்கு அடுத்தடுத்து வரும் எட்டு எண்கள் இவை என்று வைத்துக்கொள்வோம்: 1004, 997, 1001, 994, 1006, 999, 1003, 996. இவற்றை அப்படியே திரையில் காட்டினால் எண் துடிக்கும். அவர் அப்படிச் செய்வதில்லை. எட்டையும் கூட்டுகிறார், 8,000 வருகிறது. எட்டால் வகுக்கிறார், 1,000 வருகிறது. அதைத்தான் திரையில் காட்டுகிறார்.

அடுத்து 1002 என்று ஒன்பதாவது எண் வருகிறது. எல்லாவற்றையும் மறுபடி கூட்டவேண்டியதில்லை. மிகப் பழைய எண்ணான 1004ஐக் கழித்து 1002ஐச் சேர்த்தால் மொத்தம் 7,998. எட்டால் வகுத்தால் 999.75. ஐந்து கிராமுக்கு முழுமையாக்கினால் மறுபடியும் 1,000தான். திரையில் எண் அசையவில்லை. பழையது போகப் புதியது சேர, நகர்ந்துகொண்டே இருக்கும் இந்தச் சராசரிதான் எண்ணை நிற்க வைக்கிறது. முள்ளின் இருபக்க ஆட்டத்துக்கு நடுவை நம் மூத்தவர்கள் கண்ணால் பார்த்தார்கள். அதையே இவர் கணக்கால் செய்கிறார்.

வேறொரு முறையும் உண்டு. எட்டு எண்களைச் சேர்த்து வைக்காமல், முன்பு காட்டிய எண்ணை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு, புதிதாக வரும் எண்ணுக்கும் அதற்கும் உள்ள வித்தியாசத்தில் எட்டில் ஒரு பங்கை மட்டும் சேர்ப்பது. முன்பு 1000, இப்போது 1008 என்றால் வித்தியாசம் 8, அதில் எட்டில் ஒன்று 1, காட்டுவது 1001. பேரேட்டில் எல்லா வரவு செலவையும் மறுபடி எழுதாமல் முன்பாக்கியை மட்டும் எடுத்து வருவது போன்றது இது. இடமும் வேலையும் மிச்சம்.

சராசரிக்கும் ஒரு குறை உண்டு. மூட்டையைத் தொப்பென்று போட்டால் ஒரே ஒரு எண் எகிறிவிடும். 1000, 1002, 1480, 999, 1001 என்ற ஐந்தின் சராசரி 1,096. நான்கு பேர் சரியாகச் சொல்லியும் ஒருவர் தவறாகச் சொன்னதால் மொத்தக் கணக்கும் கெட்டது. இதற்குச் சராசரி எடுக்காமல் ஐந்தையும் வரிசையாக அடுக்கி நடுவில் நிற்பதை எடுத்தால் 1001 கிடைக்கும். நல்ல தராசில் முதலில் இப்படி எகிறியதை ஒதுக்கிவிட்டு, பிறகு சராசரி எடுப்பார்கள்.

மின்சாரத்தால் வரும் ஆட்டத்துக்கு இன்னொரு வழி. நம் நாட்டு மின்சாரம் நொடிக்கு 50 முறை அலையாக ஏறி இறங்குகிறது. பத்தில் ஒரு நொடி முழுவதும் சேர்த்து ஒரே அளவாக எடுத்தால் அதற்குள் சரியாக ஐந்து அலைகள் அடங்கும். ஏறியதும் இறங்கியதும் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும். நொடிக்கு 10 முறை அளப்பது பல தராசுகளில் வழக்கமாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பொறுமைக்கு விலை உண்டு

அப்படியானால் எட்டு எண் எதற்கு, எண்ணூறு எண்ணைக் கூட்டிச் சராசரி எடுக்கலாமே என்று கேட்கத் தோன்றும். இங்கேதான் வணிகருக்கே உரிய கணக்கு வருகிறது. ஆட்டம் 8 கிராம் இருந்தால், 4 எண்களின் சராசரியில் அது 4 கிராம் ஆகும். 2 கிராம் ஆக்க 16 எண்கள் வேண்டும். 1 கிராம் ஆக்க 64 எண்கள் வேண்டும். ஆட்டம் பாதியாகக் குறைய, காத்திருப்பு நான்கு மடங்கு ஆகிறது. நொடிக்கு 10 எண் என்றால் 64 எண்ணுக்கு 6.4 நொடி. மாலை நேரக் கூட்டத்தில் ஒவ்வொரு பொட்டலத்துக்கும் ஆறு நொடி நின்றால் வாடிக்கையாளர் எதிர்க் கடைக்குப் போய்விடுவார்.

வேகமாக அளக்கலாம், ஆனால் வேகம் கூடினால் ஒவ்வொரு எண்ணிலும் ஆட்டமும் கூடும். எதையும் இலவசமாகப் பெற முடியாது.

காத்திருப்பில் ஆபத்தும் இருக்கிறது. காலித் தட்டில் ஒரு கிலோவை வைத்ததும் எட்டு எண் சராசரியில் முதலில் 125, பிறகு 250, 375 என்றுதான் ஏறும். எட்டாவது எண் வந்த பிறகே 1,000 தெரியும். ஆறாவது எண்ணில் பார்த்தால் 750தான். இதைத் தவிர்க்க, திடீரென்று பெரிய மாற்றம் வந்தால் பழைய எண்களை எல்லாம் தள்ளிவிட்டுப் புதிதாகத் தொடங்கும்படி பல தராசுகளில் ஏற்பாடு இருக்கிறது. ஆனாலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டும்போது திரை எப்போதும் ஒரு படி பின்னால்தான் வரும். கொட்டுவதை நிறுத்திய பின்னும் எண் ஏறுகிறதே என்று நாம் பார்த்திருப்போம். தராசின் தவறு அல்ல அது. கணக்குப்பிள்ளை பழைய எண்களைக் கழித்து முடிக்க எடுத்துக்கொள்ளும் நேரம்.

அந்த வழிப்போக்குப் பழுதுபார்ப்பவர் செய்தது, சராசரி எடுக்கும் எண்ணிக்கையை மிக அதிகமாக்கியதுதான். எண் நின்றது. ஆனால் 10 கிராம் எப்படிக் குறைந்தது?

சராசரியால் தீராத பிழை

ஆட்டம் என்பது சில சமயம் கூடவும் சில சமயம் குறையவும் வருவது. அதைக் கூட்டி வகுத்தால் மறையும். ஒரே பக்கம் சாய்ந்திருக்கும் பிழை அப்படி மறையாது. எட்டு எண்ணும் 10 கிராம் கூடுதலாக இருந்தால் அவற்றின் சராசரியும் 10 கிராம் கூடுதலாகத்தான் இருக்கும். எண்ணூறு எண்ணை எடுத்தாலும் அதே கதைதான். எட்டு பேர் ஒரே தவறான கணக்கைச் சொன்னால் தவறு சரியாகிவிடுமா?

மின்விசிறியின் காற்று அப்படிப்பட்டது. 25 செ.மீ. நீளமும் 20 செ.மீ. அகலமும் உள்ள தட்டின் மேல் நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் காற்று நேராக விழுந்தால் ஏறக்குறைய 12 கிராம் பாரம் வைத்தது போல் அழுத்தும். அந்தக் கடையில் காலையில் விசிறி போடாமல் தராசை ஸீரோ செய்தார்கள். வெயில் ஏறியதும் விசிறி ஓடியது. காலித் தட்டிலேயே 10 கிராம் நின்றது. அவசரத்தில் கடைப்பையன் அதைக் கவனிக்கவில்லை. 990 கிராம் பருப்பு போட்டதும் திரையில் 1,000 அசையாமல் நின்றது. அம்மாவுக்கு 10 கிராம் குறைந்தது.

இதன் மறுபக்கமும் உண்டு. விசிறி ஓடும்போது ஸீரோ செய்து, பிறகு மின்சாரம் போனால் விசிறி நிற்கும். தராசு பேட்டரியில் ஓடும். அப்போது கடைக்காரர் ஒவ்வொரு பொட்டலத்துக்கும் 10 கிராம் கூடுதலாகக் கொடுப்பார். ஒரு நாளைக்கு 200 பொட்டலம் என்றால் 2 கிலோ சரக்கு கணக்கில் இல்லாமல் போகும்.

முன்பு எண் துடித்துக்கொண்டிருந்தபோது தோழருக்குச் சந்தேகமாவது இருந்தது. எண் நின்றதும் சந்தேகமும் போயிற்று. பிழை மட்டும் அங்கேயே இருந்தது. உண்மையில் அந்தத் துடிப்பு, தட்டின் மேல் காற்று அடிக்கிறது என்று தராசு கொடுத்த எச்சரிக்கை. எச்சரிக்கையின் வாயை அடைத்துவிட்டு நோய் தீர்ந்தது என்று நினைத்துவிட்டோம்.

சட்டம் என்ன சொல்கிறது?

நம் கடைகளில் உள்ள தராசுகள் பெரும்பாலும் மூன்றாம் வகுப்பைச் சேர்ந்தவை. தராசின் தகட்டில் ‘ஈ’ என்ற ஆங்கில எழுத்துக்கு எதிரே 5 கிராம் என்று இருந்தால், முத்திரையிடும்போது 2.5 கிலோ வரை 2.5 கிராமும், 10 கிலோ வரை 5 கிராமும், அதற்கு மேல் 7.5 கிராமும் பிழை அனுமதிக்கப்படுகிறது. பயன்பாட்டில் இருக்கும்போது இதில் இரண்டு மடங்கு வரை. ஒரு கிலோவில் 10 கிராம் என்பது அந்த இரட்டிப்பு வரம்பையும் தாண்டிவிட்டது.

அதே தராசில் 100 கிராமுக்குக் குறைவாக எதையும் நிறுக்கக் கூடாது என்பதையும் நினைவில் கொள்ளவேண்டும். ‘ஈ’ அளவின் 20 மடங்குதான் குறைந்தபட்ச எடை. ஏலக்காயையும் கிராம்பையும் 30 கிலோ தராசில் 25 கிராம் நிறுத்துக் கொடுப்பது யாரோ ஒருவருக்கு நஷ்டம். அதற்குச் சிறு தராசு தனியாக வேண்டும்.

2009ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டத்தின்கீழ் எலக்ட்ரானிக் தராசுக்கு ஆண்டுக்கு ஒரு முறை மறுமுத்திரை பெறவேண்டும். பழுது பார்த்தாலும் மீண்டும் சரிபார்த்து முத்திரை பெற்ற பிறகே பயன்படுத்தவேண்டும். முத்திரையை உடைத்து உள்ளமைப்பை மாற்றித் தருகிறேன் என்று யாராவது வந்தால் அனுமதிக்காதீர்கள். உரிமம் உள்ள பழுதுபார்ப்பவரை மட்டும் அழையுங்கள்.

நாம் செய்யவேண்டியவை

1. எண் ஆடினால் முதலில் தராசைக் குறை சொல்லாமல் சுற்றிலும் பாருங்கள். மேலே விசிறி, கீழே ஆடும் மேஜை, பக்கத்தில் அரவை இயந்திரம் இருந்தால் தராசை இடம் மாற்றுங்கள்.

2. தராசில் உள்ள நீர்மட்டக் குமிழி வட்டத்தின் நடுவில் இருக்கிறதா என்று தினமும் பாருங்கள்.

3. காலையில் தராசைப் போட்டதும் சில நிமிடங்கள் விட்டுவிட்டுப் பிறகு ஸீரோ செய்யுங்கள்.

4. ஒவ்வொரு முறை தட்டு காலியாகும்போதும் திரையில் சுழி நிற்கிறதா என்று ஒரு பார்வை பாருங்கள். கடைப்பையனுக்கும் இதைப் பழக்குங்கள்.

5. விலையுயர்ந்த சரக்கைக் காலித் தட்டில் சிட்டிகை சிட்டிகையாகத் தொடங்காதீர்கள். சுழிக்கு அருகில் வரும் மிக மெதுவான மாற்றத்தைத் தூசி என்று எண்ணித் தராசு தானே கழித்துவிடும் ஏற்பாடு உண்டு. முதலில் ஒரு கைப்பிடி வைத்துவிட்டுப் பிறகு சிறிது சிறிதாகச் சேர்த்தால் இந்தத் தொல்லை இல்லை.

6. கொட்டுவதை நிறுத்திய பிறகு எண் நிலைத்ததற்கான விளக்கு எரியும்வரை பொறுத்து எடுங்கள்.

7. முத்திரையிட்ட ஒரு கிலோ படிக்கல் ஒன்றை மேஜை மேல் வையுங்கள். தினமும் கடை திறந்ததும் தட்டின் நடுவிலும் நான்கு மூலைகளிலும் வைத்துப் பாருங்கள். ஐந்து இடத்திலும் ஒரே எண் வரவேண்டும்.

அந்தத் தோழர் இப்போது தராசை விசிறிக்கு அப்பால் மாற்றிவிட்டார். உரிமம் உள்ளவரை அழைத்து அமைப்பைப் பழையபடி வைத்து, மறுமுத்திரையும் பெற்றுவிட்டார். எண் நிற்பதற்கு முன் ஓரிரு முறை ஆடத்தான் செய்கிறது. மேஜையின் ஓரத்தில் ஒரு கிலோ படிக்கல் இருக்கிறது. சந்தேகப்படுபவர் யாரானாலும் எடுத்து வைத்துப் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறார். பருப்பைத் திருப்பிக் கொண்டுவந்த அம்மா முதல் ஆளாக வைத்துப் பார்த்தாராம். இன்றும் அந்தக் கடையில்தான் வாங்குகிறார்.